திருப்பூர் சாயப்பட்டறைகளும் மாசுக் கட்டுப்பாட்டு இசைவாணையும்

திருப்பூர் சாயப்பட்டறைகள் சுற்றுச்சூழல் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயங்கத் தொடங்கியது, இந்தியாவில் சிறுதொழிலும் மாசுக் கட்டுப்பாடும் மோதிய வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நடைமுறைக்கு வர அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. இந்தக் காலத்தில் சட்டம் இருந்தது, அனுமதி வழங்கும் அலுவலகம் இருந்தது, சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தன. ஆனாலும் நொய்யல் ஆறு சாக்கடையாயிற்று. இசைவாணையில் எழுதப்பட்டிருந்த அளவைச் சிறுபட்டறைகள் எட்டுவதற்கான தொழில்நுட்பமும் பணமும் கூட்டமைப்பும் மிகத் தாமதமாகவே வந்தன என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

சட்டப் பின்னணி

நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இச்சட்டத்தின்படி தமிழ்நாட்டில் 1982 பிப்ரவரி 27 அன்று வாரியம் அமைக்கப்பட்டது. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் (1984) பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-ல் நீர்ச் சட்டம் திருத்தப்பட்டது. விதிகளை மீறும் ஆலையை மூடவும், அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் உத்தரவிடும் அதிகாரம் அத்திருத்தத்தால் வாரியத்துக்குக் கிடைத்தது. அதற்கு முன் மாசுபடுத்தும் ஆலையைத் தடுக்க வாரியம் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது.

இச்சட்டங்களின்கீழ் ஓர் ஆலைக்கு இரண்டு கட்டங்களில் அனுமதி தேவை. கட்டடம் எழுப்புமுன் பெறுவது நிறுவுவதற்கான இசைவாணை. உற்பத்தியைத் தொடங்குமுன் பெறுவது இயக்குவதற்கான இசைவாணை. ஆலை அமையும் இடத்தின் வரைபடம், உற்பத்தி முறை, அன்றாடம் பயன்படும் தண்ணீர், வெளியேறும் கழிவுநீரின் அளவு, அதைச் சுத்திகரிக்கும் திட்டம் ஆகியவற்றை விண்ணப்பத்துடன் தர வேண்டும். வாரியப் பொறியாளர்கள் இடத்தை நேரில் பார்வையிட்ட பின்னரே ஆணை வழங்கப்படும். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர், அது எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பவை ஆணையில் நிபந்தனைகளாக இடம்பெறும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஆணையைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவெடுக்காவிட்டால் இசைவு தரப்பட்டதாகவே கருதப்படும் என்ற பிரிவும் நீர்ச் சட்டத்தில் உண்டு.

உப்பு என்னும் சிக்கல்

1980-களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. துணிக்கு வெளுப்பும் சாயமும் ஏற்றும் வேலையை நூற்றுக்கணக்கான சிறுபட்டறைகள் செய்தன. அவற்றில் பல, ஏற்றுமதியாளர்கள் தரும் துணியைக் கூலிக்குச் சாயமேற்றித் திருப்பித் தருபவை. ஆடையின் விலையை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பங்கில்லை. நொய்யல் ஆற்றங்கரையிலும் அதில் சேரும் ஓடைகளின் கரையிலும் அமைந்த அப்பட்டறைகள், கழிவுநீரை அந்த ஓடைகளிலேயே விட்டன.

பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்குச் சாயத் தொட்டியில் ஏராளமான உப்பைச் சேர்க்க வேண்டும். சமையல் உப்பான சோடியம் குளோரைடும், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டும் இதற்குப் பயன்படுகின்றன. சாயம் துணியில் ஏறிய பின் உப்பு முழுவதும் கழிவுநீரில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கழிவுநீரின் நிறத்தைப் படியவைக்கலாம். நுண்ணுயிரிகளைக் கொண்டு கரிமப் பொருளைச் சிதைக்கலாம். நீரில் கரைந்த உப்பை இவ்விரு முறைகளாலும் அகற்ற முடியாது. நிறம் நீங்கிய நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வயலில் பாய்ந்தால் மண் உவராகும்.

கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வாரியத்தின் விதி. இந்த ஓர் எண்ணே திருப்பூரின் பிந்தைய வழக்குகள் எல்லாவற்றுக்கும் மையமாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

சிறுபட்டறை ஒன்று தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது கடினம். அதற்கான இடமோ பயிற்சி பெற்ற பணியாளரோ மின்கட்டணத்தைத் தாங்கும் வருமானமோ பெரும்பாலான பட்டறைகளிடம் இல்லை. இதற்குத் தீர்வாக வந்ததே பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். 1990-களின் தொடக்கத்தில் இதற்கென மத்திய அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. செலவில் 25 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாகத் தந்தன. எஞ்சியதை உறுப்பினர் பங்காகவும் வங்கிக் கடனாகவும் திரட்ட வேண்டும்.

ஒரு பகுதியிலுள்ள பட்டறைகள் ஒன்றுசேர்ந்து ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து அதில் பங்குதாரர்களாகின்றன. ஒவ்வொரு பட்டறையின் கழிவுநீரும் அளவுமானி வழியாகக் குழாயில் நிலையத்துக்குச் செல்கிறது. அனுப்பும் லிட்டருக்கேற்பக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டால் செலவு பகிரப்படுகிறது, பொறுப்பும் பகிரப்படுகிறது. ஒரு பட்டறை அனுமதித்த அளவை மீறிக் கழிவுநீர் அனுப்பினால் நிலையம் திணறும். நிலையம் மூடப்பட்டால் அதில் சேர்ந்த பட்டறைகள் அனைத்தும் நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்த முறையைத் தோல் பதனிடும் தொழிலும் மேற்கொண்டது. பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியத்தை மீட்டெடுக்கும் முறை உள்ளிட்ட தொழில்நுட்ப உதவிகளை வழங்கியது.

நீதிமன்றங்களின் பங்கு

பண வசதி இல்லை என்று சிறுதொழில்கள் சொன்ன காரணத்தை உச்ச நீதிமன்றம் 1987-லேயே நிராகரித்திருந்தது. கான்பூர் தோல் ஆலைகள் கங்கையை மாசுபடுத்துவதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு அது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழில் நடத்தப்படக் கூடாது. அதுபோலவே முதல்நிலைச் சுத்திகரிப்பு அமைக்க இயலாத தோல் ஆலையும் நடத்தப்படக் கூடாது என்று நீதிமன்றம் கருதியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பின்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட இயலாததாகிவிட்டது எனத் தீர்ப்பு குறிப்பிட்டது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது. இழப்பீட்டைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி ஆணையம் அமைக்குமாறும் உத்தரவிட்டது. அப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையமே பின்னர் நொய்யல் பகுதியின் பாதிப்பையும் ஆராய்ந்தது. 2004-ல் அது 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

ஒரத்துப்பாளையம் அணை

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கரூர் வட்டாரப் பாசனமே அதன் முதன்மை நோக்கம். சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குளமாக அது மாறியது. அணையைத் திறந்தால் நிலம் கெடும், திறக்காவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெடும் என்ற நிலை உருவானது. பாசன நீருக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்டுக்கொண்டனர்.

அந்தக் காலத்தில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்த பட்டறைகளும் இருந்தன. ஆனால் அவை நிறத்தையும் கரிமப் பொருளையும் நீக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. உப்பு அப்படியே ஆற்றில் கலந்தது. நிலையம் அமைத்ததைக் காட்டி அனுமதி பெற்ற பட்டறையும் 2,100 மில்லிகிராம் என்ற வரம்பை மீறியே இயங்கியது.

2006 முதல் 2011 வரை

நொய்யல் ஆற்றுப் பாசன ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று தீர்ப்பளித்தது. 2007 ஜூலை 31-க்குள் பட்டறைகள் பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்ற நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் தொகையைச் செலுத்த வேண்டும் என்பது உத்தரவு. சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் தந்து, உயர்நீதிமன்றத்தின் நிலையை உறுதிசெய்தது.

பூஜ்ஜிய வெளியேற்றம் என்பது ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பட்டறைக்கே அனுப்புவது. எஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டும். ஆர்.ஓ. பகுதி ஓரளவு வேலை செய்தது. ஆவியாக்கிகளே தடையாயின. அவற்றுக்கு எரிபொருளும் மின்சாரமும் பெருமளவில் தேவைப்பட்டன. திட்டமிட்ட கொள்ளளவில் அவற்றை இயக்க முடியவில்லை. கடன் வாங்கிக் கட்டிய நிலையங்கள் பாதித் திறனில் இயங்க, பட்டறைகள் முழு உற்பத்தியைத் தொடர்ந்தன. மிகுந்த நீர் ஆற்றுக்கே போனது.

2011 ஜனவரி 28 அன்று, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அனைத்துச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. சாயமேற்ற வழியில்லாமல் பின்னலாடைத் தொழில் முழுவதும் தடுமாறியது. தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

மீண்டும் திறக்க உதவியவை

மூடிய நிலையங்கள் திறக்க இரண்டு உதவிகள் அவசியமாயின. ஒன்று தொழில்நுட்பம். அடர்ந்த உப்புக் கரைசலை முழுவதும் ஆவியாக்குவதற்குப் பதிலாக, அதைத் தூய்மைப்படுத்திச் சாயத் தொட்டிக்கே உப்பாகத் திருப்பி அனுப்பும் பிரைன் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. ஆவியாக்கியின் சுமை குறைந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய உப்பின் தேவையும் குறைந்தது. இரண்டாவது பணம். 2011-ல் பதவியேற்ற மாநில அரசு, நிலையங்களை மேம்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சோதனை ஓட்டத்தில் தேறிய நிலையங்களுக்கு மட்டும் இயங்க அனுமதி கிடைத்தது. அதுவும் ஒரே நாளில் முழு அளவுக்கன்று, படிப்படியாக. இவ்வாறு திருப்பூரின் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பூஜ்ஜிய வெளியேற்ற முறைக்கு மாறின.

2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெருமளவில் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என உத்தரவிட்டது. 2016-ல் தொழில்கள் மாசுக் குறியீட்டின்படி சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகைப்படுத்தப்பட்டன. குறியீடு 60-ம் அதற்கு மேலும் உள்ளவை சிவப்பு வகையில் சேர்ந்தன. வெள்ளை வகைத் தொழில்கள் இசைவாணைக்குக் காத்திராமல் வாரியத்துக்குத் தகவல் தந்தால் போதும் என்றாயிற்று.

தீராத சிக்கல்கள்

பிரித்தெடுக்கப்பட்ட பின்னும் மீண்டும் பயன்படுத்த இயலாத கலப்பு உப்பும் கசடும் எஞ்சுகின்றன. அவற்றைப் பாதுகாப்பாக வைப்பது இன்னொரு பொறுப்பு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது கசடு பாய்ந்தது. 10 பேர் உயிரிழந்தனர். மாசைத் தடுக்கக் கட்டிய அமைப்பே பராமரிப்பும் மேற்பார்வையும் தவறினால் ஆளைக் கொல்லும் என்பதை அது காட்டியது.

சுத்திகரிப்புக் கட்டணத்தைத் தவிர்க்க, இசைவாணை பெறாமல் இயங்கும் பட்டறைகள் வேறொரு சிக்கல். விதிக்கு உட்பட்ட பட்டறை செலவைச் சுமக்க, உட்படாதது குறைந்த கூலிக்குச் சாயமேற்றுகிறது. ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் இத்தகைய பட்டறைகளை அகற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அதிகாரிகளின் தொடர்பணியாகிவிட்டது.

பாலாற்று வழக்கும் முடிந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1996 தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த உத்தரவு இது.

மதிப்பீடு

திருப்பூர் அனுபவத்தைத் தொழிலின் வெற்றியாகச் சொல்வோரும், நீதிமன்றத்தின் வெற்றியாகச் சொல்வோரும் உண்டு. நிகழ்வுகளின் வரிசையைப் பார்த்தால் இரண்டும் தனித்து நிற்கவில்லை. மூடல் உத்தரவு இல்லாமல் பட்டறைகள் மாறவில்லை. பிரைன் முறையும் வட்டியில்லாக் கடனும் இல்லாமல் மூடிய பட்டறைகள் திறக்கவில்லை. இவ்வுதவிகள் 1992-லேயே கிடைத்திருந்தால் ஒரத்துப்பாளையம் பாசன அணையாக நிலைத்திருக்கக்கூடும். தாமதத்தின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் சாயத் தொழிலில் ஒரு பைசாவும் ஈட்டாத கடைமடை விவசாயிகள். மண்ணில் இறங்கிய உப்பை எந்த இசைவாணையாலும் திரும்பப் பெற முடியவில்லை.