உட்காரும் நாற்காலியும் உண்ட கலமும்

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர்ச் செங்காங்கில் உள்ள என் தம்பி இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். தம்பி மகள் தொடக்கநிலை ஐந்தில் பயில்பவள். தன் தமிழ்க் கட்டுரையைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தாள். அதில் ஒரு தொடர்: 'எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் உட்காருவதற்கு.' அடிக்கோடிட எடுத்த பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. "பெரியப்பா, இதில் என்ன தப்பு?" என்றாள் குழந்தை.

எனக்கு வேறொரு பிள்ளையின் நினைவு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஜொகூர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் புதிதாகப் பணியேற்றிருந்தேன். பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் ஆங்கில ஏட்டில் 'எ சேர் டு சிட்' என்று எழுதினான். ஈற்றில் வரவேண்டிய 'ஆன்' எங்கே என்று கேட்டேன், விழித்தான். 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையால் எழுதிப் பத்து முறை எழுதச் செய்தேன். அத்தொடரைப் பிழையின்றி எழுதி வந்தவன், மறு வாரம் 'எ நைஃப் டு கட்' என எழுதினான். இம்முறை ஈற்றில் 'வித்' இல்லை.

தோட்டத்துப் பையன் ஆங்கிலத்தில் தவறினான். செங்காங்குச் சிறுமி தமிழில் தவறினாள். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் செல்வன, வேர் ஒன்றே. அவ்வேரை ஆசிரியப் பெருமக்களுக்குக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுபொருள் ஏற்கும் எச்சம்

'செய்யும்', 'செய்த' என்னும் பெயரெச்சங்கள் எவ்வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் எனத் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். இடம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறும் அவற்றிற்கு ஒத்த உரிமையுடையன என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், 'செய்கின்ற' என்பதையும் சேர்த்துக்கொண்டு அதே ஆறனைக் கூறினார். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு என்பன நாம் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டுகள்.

இவற்றைச் சற்றே உற்று நோக்குக. சாத்தன் உண்டான், கலத்தால் உண்டான், இல்லில் உண்டான், சோற்றை உண்டான். ஆல், இல், ஐ என உருபுகள் வேறுபடுகின்றன. ஆயினும் பெயரெச்சத்தின்பின் அப்பெயர் வந்து நின்றவுடன் உருபு மறைந்துவிடுகிறது. கலம் கருவியென்பதும் இல் இடமென்பதும் கேட்போர்க்குத் தாமே விளங்கும்.

ஆங்கிலத்தில் அவ்வாறன்று. பெயர் முன்னே வந்து, வினை பின்னே வரும்போது, அவ்விரண்டிற்கும் உள்ள உறவைக் காட்டும் முன்னிடைச்சொல் மறைவதில்லை. நாற்காலியின் மேல் உட்காருகிறோம். ஆதலின் 'டு சிட் ஆன்'. கத்தியைக் கொண்டு வெட்டுகிறோம். ஆதலின் 'டு கட் வித்'. வீட்டினுள் வாழ்கிறோம்; ஆதலின் 'டு லிவ் இன்'. நம் மொழி விட்டுவிடும் உறவை அம்மொழி ஈற்றில் நிறுத்திச் சொல்கிறது. உட்காரும் நாற்காலி, வெட்டும் கத்தி என்று பேசிப் பழகிய பையனுக்கு அந்த 'ஆன்', 'வித்' மிகையாகவே தோன்றும். அவன் செய்தது கவனக்குறைவன்று. தொல்காப்பியர் கண்ட விதி அவன் நாவில் நின்று ஆங்கிலம் பேசியது.

'டு' வந்த வழி

இனி ஆங்கிலத்தின் பழமையை நோக்குவோம். ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'எழுத' என்பதற்கு 'ரீட்டன்' என்ற ஒரே சொல் போதும், 'டு' வேண்டியதில்லை. ஆயின் நோக்கம் கூறவேண்டிய இடத்தில் 'டோ ரீட்டன்னே' என்றனர். 'டோ' என்பது 'நோக்கி' எனப் பொருள்படும் முன்னிடைச்சொல். அதன்பின் வந்த வினைவடிவம் நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான ஈறு பெற்றது. பிற்காலத்தில் ஈறுகள் தேய்ந்து ஒழிந்தன. 'டோ' மட்டும் 'டு' என நின்று வினையோடு ஒட்டிக்கொண்டது.

தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. தொல்காப்பியர் தொகுத்த ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய'வும் உண்டு, 'செயற்கு' என்பதும் உண்டு. பின்னது தொழிற்பெயரோடு 'கு' சேர்ந்த தோற்றமுடையது. இன்று நாம் எழுதும் 'செய்வதற்கு' என்பதும் அவ்வகையினதே. உறவில்லாத இரண்டு மொழிகள் நோக்கம் கூறுவதற்கு ஒரே வழியை நாடியிருப்பது வியப்பன்றோ?

இலத்தீன் கண்ணாடி

ஈற்றில் நிற்கும் முன்னிடைச்சொல்லை ஆங்கிலேயரே குறைவாக எண்ணிய காலமும் உண்டு. 1672இல் டிரைடன் என்னும் புலவர், பென் ஜான்சன் நூலில் இதனைக் குற்றமாக எடுத்துக் காட்டினார். தம் உரைநடை நூலொன்றை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அதிலிருந்தும் இத்தகைய தொடர்களைத் திருத்தினார். இலத்தீனில் இவ்வழக்கு இல்லை என்பதே இவ்வெறுப்பிற்குப் பின்புலம். 1762இல் இலக்கணம் எழுதிய இலௌத், இது மொழியின் இயல்பான போக்கு என்று ஒப்பினார். ஆயினும் உயர்ந்த நடைக்கு முன்னே வைப்பதே சிறப்பு என்றார்.

அதே இலத்தீன் கண்ணாடி தமிழின்மேலும் வைக்கப்பட்டது. சீகன்பால்கு 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழிலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. பின்வந்த போப், ஆர்டன் முதலியோர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணங்களில் 'செய' என்னும் எச்சம் 'இன்ஃபினிட்டிவ்' என்ற பெயரைப் பெற்றது. தொடர்புப் பெயர் இல்லாத திராவிட மொழிகளில் அதன் வேலையைப் பெயரெச்சமே செய்கிறது என்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கினார்.

'இன்ஃபினிட்டிவ்' என்ற பெயர் கற்பிக்க எளிது. ஆனால் ஒரு வேற்றுமையை மறைக்கிறது. ஆங்கில 'டு சிட்' பெயரைத் தழுவி நிற்க வல்லது. தமிழில் 'உட்கார' என்பது வினையைத் தேடும். 'உட்கார நாற்காலி வேண்டும்' என்பதில் 'உட்கார' தழுவுவது 'வேண்டும்' என்பதை. நாற்காலியைத் தழுவவேண்டுமாயின் 'உட்காரும்' எனப் பெயரெச்சமாதல் வேண்டும்.

பெயர் தேடும் துணை

மற்றொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் 'டு'வை ஏற்பதில்லை. 'ஏபிள்' என்பது 'டு' கொள்ளும். அதன் பெயராகிய 'எபிலிட்டி'யும் 'டு' கொள்ளும். 'பாஸிபிள்' என்பதும் 'டு' கொள்ளும். ஆனால் 'பாஸிபிலிட்டி' 'ஆஃப்' என்பதையே நாடும். 'இன்ட்ரஸ்ட்' 'இன்' என்பதையும், 'ரீசன்' பெரும்பாலும் 'ஃபார்' என்பதையும் வேண்டும். தமிழிலோ கற்கும் ஆற்றல், கற்கும் வாய்ப்பு, கற்கும் ஆர்வம் என ஒரே பெயரெச்சம் எல்லாவற்றிற்கும் போதும்.

'அவன் வந்த செய்தி' போன்ற தொடர்கள் நன்னூலார் கூறிய ஆறனுள் நேரே அடங்குவதில்லை என்பதையும் ஈண்டுக் கருதுக. வந்தது செய்தியன்று, அவனே. இக்கால மொழியியலார் இதனைத் தனிவகையாகக் கொள்வர். தமிழ்ப் பெயர்களும் துணை தேடாதன அல்ல. கல்வி'யில்' ஆர்வம், பொருள்'மேல்' ஆசை, பாம்பு'க்கு' அச்சம் என்கிறோம். இவை தாய்மொழியாதலால் நமக்குச் சுமையாகத் தோன்றவில்லை. அயலார் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்யவேண்டும்.

வகுப்பறையில்

சிங்கப்பூரில் 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலம். ஆகவே இன்றைய குழந்தைகள் பலரின் மனத்தில் பெயர் முன்னும் வினை பின்னுமாகவே தொடர் பிறக்கிறது. பேச்சில் நாமும் சிலபோது 'பேனா கொடு, எழுத' என்று பின்னே சேர்த்துச் சொல்கிறோம். எழுத்தில் அதுவே வழக்கமாகிவிட்டால் தமிழ்த் தொடரின் அமைப்புக் குலையும்.

'வதற்கான' என்னும் வடிவமும் இன்று அளவின்றிப் பெருகியுள்ளது. 'ஆன' என்பதும் பெயரெச்சமே; ஆதலின் அது பிழையாகாது. ஆயினும் 'படிக்கும் அறை' என்றாலே போதுமான இடத்தில் 'படிப்பதற்கான அறை' எதற்கு?

ஆசிரியர்கள் செய்யத்தக்கது எளிது. 'உண்ட கலம்' கற்பிக்கும் நாளில் அதன் ஆங்கில வடிவத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் எழுதுக. மறைந்த உருபு எது என்று தமிழில் கேட்டபின், அவ்வுருபிற்கு ஆங்கிலத்தில் ஈற்றில் நிற்கும் சொல் எது என்று கேட்க. ஒரு பாடத்தில் இரண்டு மொழிகளும் தெளியும்.

தம்பி மகளுக்கு அன்றிரவு இவ்வாறே சொன்னேன். 'எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும்' என்று திருத்தி எழுதிக்கொண்டாள். பிறகு, "அப்படியானால் ஆங்கிலத்தில் 'ஆன்' போடாமல் எழுதுபவர்கள் தமிழில் நினைக்கிறார்களா, பெரியப்பா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பையனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவன் ஏட்டில் நான் எழுதிய 'கவனக்குறைவு' என்னும் சொல் எனக்கே உரியது.