பட்டியலின் கடைசியில் நிற்பவர்கள்

வனத்தை ஒட்டிய ஊர்களில் கால்நடை வளர்ச்சி குறித்துக் கூட்டம் நடந்தால் 'பங்குதாரர்கள்' என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். வனத்துறை, கால்நடைத் துறை, வங்கி, பால் சங்கம், தொண்டு நிறுவனம், கடைசியில் 'பொதுமக்கள்'. நிலமின்றி நாலு ஆட்டை நம்பி வாழும் தலித் பெண் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் எங்கோ இருக்கிறார். இந்த வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே.

ராஜஸ்தானின் பரத்பூரைப் பார்ப்போம். அங்குள்ள கேவலாதேவ் சதுப்புநிலம் மன்னரின் வேட்டைக்களம். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். மன்னரின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாடுகளும் எருமைகளும் அங்கேதான் மேய்ந்தன. 1982இல் தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சலுக்கு ஒரேயடியாகத் தடை. எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டது, கிராமத்தார் செத்தார்கள். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்து சொன்னது என்ன? எருமைகள் போனதும் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிவிட்டது, பறவைகளுக்குத்தான் நட்டம் என்று! ஆய்வுக்கு முன்பே அது மேய்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். யார் கேட்டார்கள்?

நம் ஊர்க் கதையும் அதிகம் வேறல்ல. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காப்புக்காடுகளில் மேய்ச்சலை அதிகாரி தரும் அனுமதியாக மாற்றியது. 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுத்தது. எங்கே மேய்ப்பது என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை. ஊர்ப் புறம்போக்கு பல இடங்களில் ஆதிக்கசாதியினரின் கையில். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பின்னர் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டாவே பார்க்காத சேரிக்கு ஏது ஆவணம் என்று கேட்கிறீர்களா? அரசுப் பதிவுகளும், ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றாகும் என்கிறது விதி 13. ஆடு மேய்த்ததற்கு வனத்துறை தாத்தாவிடம் அபராதம் வாங்கிய ரசீது டிரங்குப் பெட்டியில் கிடந்தால், அதையும் எடுத்து வையுங்கள்.