ஜாவா – யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள்

ஜாவா, 1929-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் தொடங்கிய மோட்டார் சைக்கிள் நிறுவனம். செக் மொழியில் அதை 'யாவா' என்பார்கள். 1960 முதல் மைசூர் நிறுவனம் ஒன்று இந்தியாவில் அதன் வண்டிகளைத் தயாரித்து விற்றது. 1973 முதல் வண்டியின் பெயர் யெஸ்டி ஆயிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயர் மட்டும் திரும்பி வந்தது. இந்தோனேசியத் தீவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நிறுவனர் பிரான்டிசெக் யானெச்செக் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்தவர். சமாதான காலத்தில் ஆயுதங்களுக்கு ஆர்டர் குறையவே வேறு தொழில் தேடினார். அப்போது ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள் பிரிவைக் கைகழுவ நினைத்திருந்தது. அதன் 500 சிசி வண்டியின் உரிமையை இவர் வாங்கிக்கொண்டார். யானெச்செக்கின் 'யா', வாண்டரரின் 'வா' இரண்டும் சேர்ந்து பெயராயின. அந்த முதல் வண்டி கனமானது, விலையும் அதிகம். சாதாரண மக்களிடம் நிறுவனத்தைக் கொண்டு சேர்த்தது 1932-இல் வந்த 175 சிசி வண்டிதான். அதில் இருந்தது பிரிட்டனின் வில்லியர்ஸ் எஞ்சின். வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜார்ஜ் பேட்செட்டும் ஆங்கிலேயரே.

இரண்டாம் உலகப் போரில் ஆலை ஜெர்மானியர் பிடியில் போனது. போர் வேலைகளுக்கு நடுவே பொறியாளர்கள் ஒரு 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியை ரகசியமாக உருவாக்கினார்கள். 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்திருந்ததால் 'பெராக்', அதாவது துள்ளுபவன், என்று பெயர் வந்தது. பின்னாளைய ஜாவாக்களுக்கெல்லாம் முன்னோடி இதுவே.

இந்தியாவில் ஜாவா தயாரிக்க, பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி இருவரும் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்கினர். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவு அதற்கு இருந்தது. மைசூரின் யாதவகிரியில் ஆலை எழுந்தது. அங்கே தயாரான 250 சிசி ஜாவாவுக்கு ஒரே சிலிண்டர், ஆனால் இருபுறமும் ஒவ்வொரு சைலன்சர். இடதுபக்கம் ஒரே லீவர்தான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கர். எஞ்சின் பிடித்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் கியர். கிளட்ச் பிடியைத் தொடாமலே கியர் மாற்றலாம். காலால் அழுத்தும்போது கிளட்ச் தானாக விடுபடும். கிக்கரும் கியரும் ஒரே லீவர் என்பது தெரியாமல் பழைய ஜாவாவை ஓட்டிப் பார்ப்பவர், கிக்கர் எங்கே என்று வலப்பக்கம் போய்த் தேடுவார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், புகையும் வரும். பழகியவர்கள் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

யெஸ்டி என்ற பெயர், இரானி குடும்பத்தின் பூர்விகமான ஈரானிய நகரம் யஸ்துவிலிருந்து வந்தது. செக் மொழியில் 'ஓடுகிறது' என்ற சொல்லும் ஏறத்தாழ இப்படியே ஒலிப்பது தற்செயல். 1978-இல் வந்த ரோட்கிங் யெஸ்டிகளில் மிகவும் பெயர் பெற்றது. 1980-களின் நடுவில் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி, பிற இடங்களிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானிய 100 சிசி வண்டிகள் இறங்கின. எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். மைசூர் வண்டியை வீழ்த்தியவை அவைதான்.

மறுபிறப்பு மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனத்தால் நடந்தது. அதன் பங்காளிகளில் ஒருவர் ருஸ்தம் இரானியின் மகன் பொமன் இரானி. 2018 நவம்பர் 15 அன்று 293 சிசி ஜாவாவும் ஃபார்ட்டி டூவும் அறிமுகமாயின. ஆன்லைன் முன்பதிவு டிசம்பர் 25-க்குள் நிறுத்தப்பட்டது. வண்டி கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2022 ஜனவரியில் 334 சிசி எஞ்சினுடன் யெஸ்டி திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில், யெஸ்டி என்ற வணிகப் பெயர் கலைப்பில் உள்ள ஐடியல் ஜாவாவுக்கே உரியது என்று கர்நாடக உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

பழைய பாணியில் புது வண்டி தேடுபவருக்கு இன்று ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹோண்டா சிபி 350, டிரையம்ப் ஸ்பீடு 400 என்று வேறு சிலவும் உண்டு. டேங்கின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இருக்கையில் உட்கார்ந்து கால் தரையில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். 2018 ஜாவாவின் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், கிளாசிக் 350-க்கு 805. அடுத்து பார்க்க வேண்டியது, ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் நிலையம் இருக்கிறதா என்பது. இப்போதைய ஜாவா தயாராவது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். அதற்கும் இரண்டு சைலன்சர் உண்டு. ஆனால் எஞ்சின் நீரால் குளிரூட்டப்படும் ஃபோர்-ஸ்ட்ரோக். மைசூர் எஞ்சினின் பாகம் எதுவும் அதில் பொருந்தாது.