பினாங்கு கொடிமலை ரயில்

திருவதிகை வழியாக ஓடும் கெடிலம் ஆறு கடலூரில் கடலோடு சேர்கிறது. அந்தக் கடற்கரையிலிருந்தும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலிருந்தும் ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல்கள் பினாங்குத் தீவுக்குச் சென்றன. பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கிளிங் மசூதியைத் தொடங்கிய காதர் முகைதீன் பரங்கிப்பேட்டைக்காரர். வணிகர்களோடு சிப்பாய்களும் கூலியாட்களும் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய இந்தியக் கைதிகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தீவின் புகழ்பெற்ற மலை ரயிலின் கதையில் இந்த எளியவர்களுக்கும் பங்குண்டு.

பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சமவெளியின் வெயிலையும் காய்ச்சலையும் தாங்க முடியாத வெள்ளையர்கள் விரைவிலேயே குளிர்ந்த மலையுச்சியைத் தேடினார்கள். அங்கே மாளிகைகள் எழுந்தன. அம்மலையே கொடிமலை. மேலே போக மூன்று வழிகள்தான் இருந்தன: நடக்க வேண்டும், மட்டக் குதிரையில் ஏற வேண்டும், அல்லது டோலியில் உட்கார வேண்டும். டோலியைச் சுமந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு வேறு தீர்வு கிடைத்திருந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1862-இலேயே கயிறு இழுக்கும் ரயில் ஓடியது. பழனியில் 1966 முதல் ஓடும் விஞ்ச்சைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் புரியும். ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்றை மேலே இழுக்க உதவுகிறது. மீதி பாரத்தை மட்டும் இயந்திரம் இழுத்தால் போதும்.

பினாங்கில் தனியார் செய்த முதல் முயற்சி தோற்றது. பிறகு பொறியாளர் ஜான்சன் தலைமையில் சுமார் 2 கிலோமீட்டர் பாதை அமைக்கப்பட்டு, 1923 அக்டோபரில் மின்சாரத்தால் ரயில் ஓடியது. 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் கில்லெமார்ட் அதை முறைப்படி திறந்து வைத்தார். பயணிகள் பாதி வழியில் பெட்டி மாற வேண்டும். உச்சிக்குச் செல்ல அரை மணி நேரம் ஆனது. மரப்பெட்டிகளுக்குப் பதிலாக 1977-இல் சிவப்பு நிற சுவிஸ் பெட்டிகள் வந்தன. 2010-இல் சேவை நிறுத்தப்பட்டு, 2011-இல் புதிய ரயில் வந்தது. இப்போது பெட்டி மாறாமல் பத்து நிமிடத்துக்குள் உச்சியை அடைந்துவிடலாம்.

ரயிலைக் கட்டியவர், திறந்தவர் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் அந்தச் செங்குத்துப் பாதையில் மனிதர்களைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் மலையுச்சியில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் வழிபட்ட சிறு சன்னதியாக அது தொடங்கியது. இன்று அருளொளித் திருமுருகன் ஆலயம் என்று பெயர். ரயிலில் வரும் பயணிகள் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே அங்கே போய்விடலாம்.