துருவுக்குள்ள ஒரு சாட்சி: புல்லிட் மஸ்டாங்கை அடையாளம் கண்ட கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்குது. 8 ஆர் 02 எஸ் 125559. யாரோட வைஃபை பாஸ்வேர்டும் இல்ல. ஃபோர்டு கம்பெனி 1968 மாடல் மஸ்டாங் ஒன்றுக்குக் கொடுத்த அடையாள எண், அதாவது வின் நம்பர்.

இந்த நம்பர் இருக்கிற கார், 2020 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நடந்த மீகம் ஏலத்துக்கு வந்தது. பச்சை பெயின்ட் மங்கிப் போயிருந்தது, அங்கங்க துரு. ஏலக் கமிஷனையும் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போச்சு. ஒரு மஸ்டாங்குக்கு அதுவரை ஏலத்தில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பாலிஷ் கூடப் போடாத காருக்கு ஏன் இவ்வளவு? "இதுதான் அந்தக் கார்" என்று எப்படி நம்பினாங்க? நம்ம எபிசோடே இந்த ரெண்டு கேள்விதான்.

முதல்ல படம். 1968 அக்டோபரில் வந்த 'புல்லிட்'. ஹீரோ ஸ்டீவ் மக்வீன், இயக்கம் பீட்டர் யேட்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளமான தெருக்களில் ஒரு பச்சை மஸ்டாங்கும் கருப்பு டாட்ஜ் சார்ஜரும் சுமார் 10 நிமிஷம் துரத்திக்கொள்ளும். இன்னைக்கு நாம பார்க்கிற கார் சேஸ் எல்லாத்துக்கும் அது ஒரு வகையில் அப்பன். படத்தொகுப்புக்கு ஆஸ்கரும் கிடைச்சது.

இதுக்காகப் படக்குழுவிடம் வந்தது ரெண்டு மஸ்டாங். நம்பர் 125558, பாய்ந்து குதிக்கிற ஸ்டன்ட்டுகளுக்கு. நம்பர் 125559, ஹீரோ ஓட்டுகிற காட்சிகளுக்கு. ரேஸ் கார் மெக்கானிக் மேக்ஸ் பால்சாவ்ஸ்கி ரெண்டையும் படப்பிடிப்புக்காக பலப்படுத்தினார். படம் முடிஞ்சதும், ஸ்டன்ட் கார் காயலான் கடைக்குப் போயிடுச்சுன்னு எல்லாரும் நம்பினாங்க. ஹீரோ கார் கை மாறி மாறி, கண்ணுல இருந்தே மறைஞ்சு போச்சு.

இப்ப அந்த நம்பரைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 8 என்றால் 1968 மாடல். ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் பின்பக்கம் சரிவாக இறங்கும் ஃபாஸ்ட்பேக் பாடி. எஸ் என்றால் 390 கன அங்குல ஜிடி இன்ஜின். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். அது 100001-ல் ஆரம்பிக்கும். ஆக, அந்த ஃபேக்டரியின் அந்த வருஷ வரிசையில் இது 25,559-வது.

கச்சிதமான டேட்டா ஃபார்மேட்தான். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. இப்ப நாம பார்க்கிற 17 எழுத்து வின் நம்பர் அமெரிக்காவில் வந்தது 1981 மாடல்களில் இருந்துதான். அதில் ஒன்பதாவது எழுத்து செக் டிஜிட். ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சா கணக்கு இடிக்கும். 1968 நம்பரில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு தகடும், எழுத்து பொறிக்கிற அச்சும் கையில் இருந்தா, எந்த நம்பரையும் எந்த காரிலும் அடிச்சுடலாம். கதவில் இருக்கும் தகடு மாதிரியே புதுத் தகடுகள் விலைக்கே கிடைக்கும்.

போலி செய்ய ஆசை வர்றதுக்கும் காரணம் இருக்கு. மசில் கார் உலகத்தில் சாதாரண மாடலும் அபூர்வ மாடலும் வெளியில் ஒரே பாடிதான். 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் தயாரானது ஒரு டஜனுக்குள்ளேதான். அதில் ஒண்ணு 2014-ல் 35 லட்சம் டாலருக்குப் போனது. சின்ன இன்ஜின் போட்ட அதே பாடியில் ஹெமி இன்ஜினை இறக்கிட்டா? பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதனாலதான் வாங்கறவங்க சீட்டைக் கழற்றி ஸ்பிரிங்குக்குள்ள கைவிட்டுத் தேடுவாங்க. கார் கட்டும்போது எந்தப் பார்ட் போடணும்னு சொல்ற தாளைத் தொழிலாளிகள் அங்கே செருகி விட்டுட்டுப் போறது வழக்கம். எலி கடிச்ச அந்த ஒரு தாள் பல லட்சத்தைத் தீர்மானிக்கும்.

சரி, 125559 எங்கே போச்சு? முதல்ல வார்னர் பிரதர்ஸ் ஊழியர் ஒருத்தர் வாங்கினார். அப்புறம் நியூஜெர்ஸி போலீஸ் டிடெக்டிவ் ஒருத்தர். 1974-ல் 'ரோடு அண்ட் டிராக்' பத்திரிகை விளம்பரம் பார்த்து, அதே மாநிலத்தில் ஒரு குடும்பம் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா ஒரு டீச்சர். புல்லிட் காரில்தான் ஸ்கூலுக்குப் போய் வந்தார்!

1977 டிசம்பரில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வருது. அனுப்பியது ஸ்டீவ் மக்வீன். அந்தக் காரைத் திரும்ப வாங்கிக்க ஆசை, வேணும்னா பதிலுக்கு வேற ஒரு மஸ்டாங் தேடித் தர்றேன் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். குடும்பம் கொடுக்கலை. 1980-ல் கிளட்ச் போச்சு, கார் ஓரம் கட்டப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் மக்வீன் இறந்துட்டார். கார் பல வருஷம் ஓடாமலே கிடந்தது, கடைசியில் டென்னசி மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. குடும்பம் வெளியே மூச்சு விடலை. 2014-ல் அப்பா இறந்த பிறகுதான் மகன் அதை மறுபடி ஓட வெச்சார். மெக்கானிக்கல் வேலை மட்டும். வெளித்தோற்றத்தைத் தொடலை.

சரிபார்ப்பு எப்படி நடந்தது? 1967-ல் இருந்து ஃபோர்டு தயாரித்த கார்களின் உற்பத்திப் பதிவுகளை வெச்சிருக்கிறவர் கெவின் மார்ட்டி. நம்பரைக் கொடுத்தா அந்தக் கார் எந்த நிறத்தில், என்ன இன்ஜினோட பிறந்ததுன்னு சொல்லுவார். அது முதல் சாட்சி. கை மாறிய வரலாறும் மக்வீன் கடிதமும் ரெண்டாவது. மூணாவது, காரோட உடம்பு. படப்பிடிப்புக்காகக் கேமரா மாட்ட அடியில் வெல்டிங் செய்த இணைப்புகள் அப்படியே இருந்தன. மூணும் தனித்தனி இடத்திலிருந்து வந்த சாட்சிகள், மூணும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் ஃபோர்டு புது புல்லிட் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியபோது, பழையதும் வெளியே வந்தது.

அப்ப, காயலான் கடைக்குப் போனதா நம்பின 125558? அது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில், இன்ஜின் கூட இல்லாத கூடாகக் கிடைச்சது. செய்தி 2017-ல் வெளிவந்தது. இதுல திகில் என்னன்னா, அதை வாங்கினவருக்கு அது எந்தக் கார்னே தெரியாது. 2000-ல் வந்த 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' படத்தில் வரும் எலினார் மஸ்டாங் மாதிரி மாத்தறதுதான் திட்டம்! அதாவது ஒரு ஒரிஜினலை வெட்டி இன்னொரு படத்தோட நகலாக ஆக்கப் பார்த்தாங்க. கூட்டாளி அந்த நம்பரைத் தேடிப் பார்த்ததால தப்பிச்சது. மார்ட்டி நேரில் போய்ப் பார்த்தார். முன் சஸ்பென்ஷன் தாங்கும் டவர்களில் பால்சாவ்ஸ்கி காலத்து வலுவூட்டல் இருந்தது.

எனக்கு இதுல தோணறது இதுதான். சாஃப்ட்வேர்ல பழைய கோடைக் காட்டி "இதை சுத்தம் பண்ணிடலாமா?"ன்னு கேட்கிறவங்க எப்பவும் இருப்பாங்க. லாக் ஃபைலையும் சேர்த்து அழிச்சுட்டா, அப்புறம் என்ன நடந்ததுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. 125559-ஐ 1990-ல் யாராவது ஆசையோட புதுசாக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வெல்டிங்கை அறுத்துப் போட்டு, தளத்தை மாத்தி, பளபளன்னு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. அழகா இருந்திருக்கும். ஆனா உடம்பு சொன்ன சாட்சி போயிருக்கும். கவனிக்காம விட்டதுதான் அந்தக் காரைக் காப்பாத்துச்சு.

அதுக்காகத் துருவையே கும்பிடணும்னு சொல்லலை. தண்ணி புகுந்து தளம் ஓட்டை விழுந்தா சாட்சியும் சேர்ந்து போயிடும். பழைய கார் ஏதாவது உங்க கைக்கு வந்தா, வரிசையை மட்டும் மாத்தாதீங்க: முதல்ல ஃபோட்டோ, அப்புறம் காகிதம், அப்புறம் ஃபெண்டருக்கு அடியில் உலோகத்திலேயே பொறிச்சிருக்கிற நம்பர், அப்புறம் இன்ஜின் பிளாக்கில் வார்த்த தேதி. அந்தத் தேதி, கார் தயாரான தேதிக்குப் பிந்தினதா இருந்தா, அது அந்த காரோட பிறந்த இன்ஜின் கிடையாது. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்பேனரும் உப்புத் தாளும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.