புதுச்சேரி ட்ரிப்: அயர்ன் பண்ணிய துணி பைக்குள்ளேயே கசங்குவது ஏன்? தடுப்பது எப்படி?

புதுச்சேரி ஒயிட் டவுனில் காலை 6 மணிக்கே கேமராக்கள் வந்துவிடும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. கல்யாணத்துக்கு முன்பு போட்டோ ஷூட் எடுக்க வரும் ஜோடிகளுக்கு வேண்டியது இதுதான். ஆனால் அந்த நேரத்துக்கு இஸ்திரி வண்டியைத் தேடினால் கிடைக்காது. பையிலிருந்து எடுத்த லினன் சட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தால் கதை முடிந்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் வேறு சேர்ந்துகொள்ளும்.

சென்னையிலிருந்து இசிஆர் வழியாக சுமார் 150 கிலோமீட்டர். மூன்று, நான்கு மணி நேரப் பயணம்தான். வீட்டில் பளிச்சென்று தேய்த்து வைத்த துணிக்கு அதற்குள் என்ன ஆகிறது?

பை செய்யும் 'இஸ்திரி'

பருத்தி, லினன் இரண்டுமே செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. அதன் நீளமான மூலக்கூறு சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இவை பலவீனமானவை. ஈரம் உள்ளே புகுந்தால் பிடி தளரும், சங்கிலிகள் நகரும். ஈரம் காய்ந்ததும் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதே நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அயர்ன் பண்ணுவதும் இதே வேலைதான். தண்ணீர் தெளித்து, சூடு வைத்து, அழுத்தித் தட்டையாக்கி உலர வைக்கிறோம். பைக்குள்ளும் ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் உண்டு. வித்தியாசம், அங்கே துணி தட்டையாக இல்லை, மடங்கிக் கிடக்கிறது. அந்த மடிப்பைத்தான் பை 'தேய்த்து' வைக்கிறது.

புதுச்சேரி கடலோர ஊர். காற்றில் ஈரம் அதிகம், பருத்தி அதை இழுத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் காரின் டிக்கியில் பை இருந்தால் சூட்டுக்கும் குறைவில்லை. பாலியஸ்டர் இந்த அளவு கசங்காததற்குக் காரணம், அது ஈரத்தை அதிகம் உறிஞ்சுவதில்லை. அது இளகத் தொடங்கவே 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

'சுருங்காத காட்டன்' என்று விற்கிறார்களே, அது கலப்படமா? அப்படி இல்லை. 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளரும் அவரது குழுவினரும் வளர்த்தெடுத்த முறை அது. செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனப் பாலம் போட்டுவிட்டால் அவை எளிதில் நகராது. துணியின் உறுதி கொஞ்சம் குறையும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

தவறு நடப்பது வீட்டில்தான்

கிளம்பும் அவசரத்தில் அயர்ன் பண்ணி, சூடு ஆறுவதற்குள் பைக்குள் திணிப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. மடிப்பு முறையைவிட முக்கியமான விஷயம் இது. சூடான துணியில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் மடித்தால், விழும் கோடு அப்படியே நிலைத்துவிடும். தேய்த்த துணியை ஹேங்கரில் மாட்டி, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இல்லாமல், சூடாகவும் இல்லாமல் இருக்க வேண்டும். முடிந்தால் முந்தின நாள் இரவே தேய்த்துவிடுவது நல்லது.

சுருட்டுவதா, மடிப்பதா?

டி-ஷர்ட், ஜீன்ஸ், லெகிங்ஸ் போன்றவற்றைச் சுருட்டலாம். கூர்மையான மடிப்பு விழாது, இடமும் மிச்சம். காலர் வைத்த சட்டையைச் சுருட்டினால் காலர் நசுங்கும். அதை மடிப்பதே சரி. மடிக்கும் இடத்தில் ஒரு டி-ஷர்ட்டையோ துண்டையோ உருட்டி வைத்துவிட்டால், கோடாக விழ வேண்டியது வளைவாக மாறிவிடும்.

பை பாதி காலியாக இருந்தாலும் ஆபத்துதான். பஸ் குலுங்கும்போதெல்லாம் துணி நகர்ந்து நகர்ந்து கசங்கும். பிதுங்கி வழிகிற பையில் அழுத்தம் அதிகம். துணி அசையாத அளவுக்கு நிரம்பியிருந்தால் போதும். ஷூ, சார்ஜர், ஷாம்பு பாட்டில் எல்லாம் சக்கரம் இருக்கும் பக்கம் அடியில் போகட்டும். நாளைக் காலை போட வேண்டியது மேலே.

கஞ்சி போட்ட வேட்டி, காட்டன் புடவை விஷயம் தனி. கஞ்சியால் விறைத்த துணியில் மடிப்பு கத்தி மாதிரி விழும். கடல் காற்றில் ஈரம் ஏறினால் விறைப்பும் போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம். முடிந்தால் லேசான கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டுப் புடவைக்கு இன்னும் கவனம் தேவை. பழைய மடிப்பிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் ஜரிகை அந்தக் கோட்டில் உடையும். மடிப்பை மாற்றி, பழைய காட்டன் வேட்டியில் சுற்றி, பையின் மேல் அடுக்கில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

ரூமுக்குப் போனதும்

செக்-இன் ஆனவுடன் முதல் வேலை, பையைத் திறந்து துணியை மாட்டுவது. பீச்சுக்கு அப்புறம் போகலாம். சிறு சுருக்கங்கள் இரவோடு இரவாகத் தொங்கியே சரியாகிவிடும். அயர்ன் பாக்ஸ் இல்லாவிட்டால், பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவை மூடி, நீராவியில் காட்டன் சட்டையைப் பத்துப் பதினைந்து நிமிடம் மாட்டுங்கள். பிறகு கையால் நீவிவிட்டு ஃபேனில் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு போட்டுக்கொண்டு கிளம்பினால் முன்பைவிட மோசமாகக் கசங்கும். பேன்ட்டை மெத்தைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பேச்சிலர் வித்தையும் வேலை செய்யும், நேராக வைத்திருந்தால்.

பட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், திட்டு விழும். உள்பக்கமாகத் திருப்பி, மேலே காட்டன் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்கலாம். லேபிளில் உள்ள இஸ்திரிப் பெட்டி படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று அர்த்தம்.

ஊர் திரும்பும்போது

துணிக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கிருந்து நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலை, ஊர்க்காரர்கள் வாயில் ரோடியர் மில், 2020இல்தான் மூடப்பட்டது. நேரு வீதியிலோ, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையிலோ வாங்கிய புது காட்டன் துணி இருந்தால், அதைக் கடைக்காரர் கொடுத்த மடிப்பிலேயே விட்டுவிடலாம். எப்படியும் துவைத்துத்தான் போடப்போகிறோம்.

பாரடைஸ் பீச்சில் நனைந்த டவலும் டிராயரும்தான் வில்லன்கள். ஒரே ஒரு ஈரத் துண்டு போதும், பையில் உள்ள மொத்தக் காட்டனும் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். சுருக்கத்தோடு நாற்றமும் இலவசம். அவற்றைப் பிழிந்து தனி கவரில் கட்டி, முடிந்தால் பைக்கு வெளியே எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் பிரிக்க வேண்டியது அந்தக் கவரைத்தான்.