அரேபிய வளைகுடாவில் ரக்பி: ஏற்றமும் இறக்கமும்

ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், கத்தார், ஓமன், குவைத், சவூதி அரேபியா ஆகிய ஆறு நாடுகளிலும் ஆடப்படும் ரக்பி யூனியன், அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உடையது. பிரான்சின் புரோ டி2 போன்ற தொழில்முறை இரண்டாம் நிலை லீக் இங்கு உருவாகவில்லை. கழகங்களில் ஆடுவோரில் பெரும்பாலோர் வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். ஆனால் அத்தகைய லீக்குகளின் உயிர்நாடியான தரமுயர்வு–தரமிறக்க விதி, அதாவது கீழ்ப்பிரிவில் வென்ற அணி மேலேறுவதும் மேற்பிரிவில் கடைசியாக வந்த அணி கீழிறங்குவதும், வளைகுடா ரக்பியின் போக்கைப் பலமுறை தீர்மானித்திருக்கிறது. அந்த விதி இங்கே வந்து சேர்ந்தது ஆசியப் போட்டிகளின் வழியாக.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் படையினரும் எண்ணெய், வங்கி, கட்டுமான நிறுவனங்களில் வேலைக்கு வந்தவர்களும். அமீரகத்தின் மிகப் பழைய கழகமான துபாய் எக்ஸைல்ஸ் 1969இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது துபாய் செவன்ஸ் என்ற எழுவர் போட்டியை நடத்தியது. அமீரகம் என்ற நாடு பிறந்தது 1971 டிசம்பர் 2இல்; கழகம், போட்டி இரண்டுமே நாட்டைவிட மூத்தவை. 1970களில் மஸ்கட், பஹ்ரைன், தோஹா, அபுதாபி எனக் கழகங்கள் முளைத்தன. 1974இல் அரேபிய வளைகுடா ரக்பி கால்பந்து யூனியன் உருவாகி, ஆறு நாடுகளின் ரக்பியையும் ஒரே குடையின் கீழ் நிர்வகித்தது.

புல்தரை அப்போது எட்டாத வசதி. கல் பொறுக்கிச் சமன்செய்த மணல்தான் மைதானம். அதில் ஒருவரைப் பிடித்து வீழ்த்தினால் விழுந்தவருக்கும் வீழ்த்தியவருக்கும் முழங்கை, முழங்கால் தோல் உரியும். காயத்துக்குள் புகுந்த மணலைக் கழுவி எடுப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். ஸ்க்ரமில் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளும்போது பிடிமானம் கிடைக்காமல் கால்கள் புதையும். வெயிலுக்குப் பயந்து பருவம் செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடியும், இன்றும் அப்படித்தான். வாரவிடுமுறை நாளான வெள்ளிக்கிழமையே ஆட்ட நாளாக இருந்தது. நீர் பாய்ச்சிய புல்லும் மின்னொளியும் பின்னால் வந்தவை. 2008இல் துபாய்–அல் ஐன் சாலையோரம் 'தி செவன்ஸ்' மைதானம் எழுந்தது. 2009 மார்ச்சில் எழுவர் உலகக் கோப்பை அங்கே நடந்தது. ஆடவரில் வேல்ஸும், முதன்முறையாக நடந்த மகளிர் பிரிவில் ஆஸ்திரேலியாவும் வென்றன. போட்டியை நடத்திய பகுதியின் சார்பில் ஆடியது அரேபிய வளைகுடா அணி.

அந்த அணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு நாடுகளில் சிதறிக் கிடந்த சிறு கழகங்களிலிருந்து திறமையானவர்களைத் திரட்டிய அணி அது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நாட்டில் வசித்தால் அந்நாட்டுக்கு ஆடலாம் என்பது அன்றைய உலக விதி. அதனால் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களே அணியில் நிறைந்திருந்தார்கள். வேலை ஒப்பந்தம் முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் ஆட்டக்காரரும் போய்விடுவார். எந்தப் பயிற்சியாளருக்கும் இது தலைவலிதான். இந்தக் கால வரம்பு 2022 முதல் ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. குடியேறிய நாட்டில் குடியுரிமை கிடைக்காதவர்களை நம்பி நிற்கும் வளைகுடா போன்ற பகுதிக்கு அது பெரும் சுமை.

2008இல் ஆசிய ஐந்து நாடுகள் போட்டி தொடங்கியபோது, ஜப்பான், ஹாங்காங், தென்கொரியா, கசகஸ்தானோடு அரேபிய வளைகுடாவும் முதல் பிரிவில் இடம்பெற்றது. ஜப்பானிடம் 114–6 என்று தோற்றது. பருவ முடிவில் கீழே இறங்கியது. அந்த இடத்துக்குச் சிங்கப்பூர் வந்தது. ஓராண்டு கீழ்ப்பிரிவில் ஆடிவிட்டு 2010இல் வளைகுடா மீண்டும் மேலேறியது. இம்முறை அதே ஜப்பானிடம் 60–5. அந்த ஆண்டு ஜப்பான் கசகஸ்தானுக்கு எதிராக 101 புள்ளிகளும் ஹாங்காங்குக்கு எதிராக 94 புள்ளிகளும் குவித்ததை நினைத்தால், இந்த 60இன் அருமை புரியும். தரமிறக்கம் ஒரு அணிக்கு என்ன நன்மை செய்யும் என்பதற்கு ஆசிய ரக்பியில் இதைவிடத் தெளிவான சான்று இருப்பதாகத் தெரியவில்லை. தனக்குச் சமமானவர்களோடு மோதி, வெல்லப் பழகித் திரும்பி வந்த அணி அது. 2010இன் முடிவில் தரமிறங்கியது தென்கொரியா. வளைகுடா தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

காப்பாற்றிய இடத்தில் ஆடத்தான் அணி இல்லாமல் போயிற்று. எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2009 அக்டோபரில் முடிவாகியிருந்தது. ஒலிம்பிக்கில் பங்கேற்பவை நாடுகள். பல நாடுகளின் கூட்டணிக்கு அங்கே இடமில்லை. 2010இன் இறுதியில் வளைகுடா யூனியன் கலைக்கப்பட்டு, ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கும் வேலை தொடங்கியது. முதல் பிரிவு இடம் அமீரகத்துக்குப் போனது. 2012இல் அமீரகம் உலக ரக்பி அமைப்பின் முழு உறுப்பினரானது. அந்நாட்டைச் சேர்ந்த கைஸ் அல் தலாய் 2019இல் ஆசிய ரக்பியின் தலைவராகத் தேர்வானார்.

பிரிவினைக்கு விலை உடனே கேட்கப்பட்டது. ஆறு நாடுகளில் தேடிப் பொறுக்கிய அணி எங்கே, ஒரே நாட்டிலிருந்து திரட்டிய அணி எங்கே! ஜப்பானிடம் 2011இல் 111–0, 2012இல் 106–3, 2013இல் 93–3 எனத் தோல்விகள் அடுக்கின. எனினும் அமீரகம் முதலிரண்டு ஆண்டுகளும் தாக்குப்பிடித்தது. 2011இல் புதிதாக மேலேறி வந்த இலங்கை கீழே போனது. 2012இல் கசகஸ்தான் போனது. 2013இல் பிலிப்பைன்ஸிடம் தோற்ற அமீரகத்தின் முறை வந்தது. கூட்டணியைக் கலைத்தது தவறென்று சொல்ல முடியாது. உள்ளூர் அரபு இளைஞர்களை ஆட்டத்துக்குக் கொண்டுவர நாட்டுப் பெயரும் நாட்டுக்கொடியும் தேவைப்பட்டன. ஆனால் ஒலிம்பிக் நிர்வாகத் தேவைக்காக, அப்போதுதான் தலைநிமிர்ந்த ஒரு அணியை ஒரேயடியாக இல்லாமல் செய்தது ஆட்டக்காரர்களுக்குப் பெரிய இழப்பு.

கழக அளவில் எல்லை தாண்டிய ஆட்டங்கள் நிற்கவில்லை. மேற்கு ஆசிய பிரிமியர்ஷிப் என்ற பெயரில் துபாய் எக்ஸைல்ஸ், 1999இல் தொடங்கிய துபாய் ஹரிகேன்ஸ், ஜெபல் அலி டிராகன்ஸ், அபுதாபி ஹார்லிக்வின்ஸ் ஆகிய அமீரகக் கழகங்கள் பஹ்ரைன், தோஹா கழகங்களோடு மோதின. இதற்குக் கீழே அமீரகத்துக்குள் இரண்டாம் அடுக்கு ஒன்று உண்டு. பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகளும் சிறு கழகங்களும் கலந்து ஆடும் களம் அது. இலங்கையரை மையமாகக் கொண்டு வளர்ந்த துபாய் டைகர்ஸ், கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ரக்பி ஆடி வளர்ந்தவர்களுக்குப் பாலைவனத்தில் கிடைத்த வீடு.

இந்தக் கழக அடுக்கில் மேலே செல்வதும் கீழே வருவதும் புள்ளிப்பட்டியலால் மட்டும் முடிவாவதில்லை. அபுதாபியிலிருந்து துபாய்க்கு ஒன்றரை மணிநேரக் கார்ப் பயணம் போதும். பஹ்ரைனிலிருந்து ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் விமானம் ஏற வேண்டும். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் பயணச்செலவையும் அலுவலக விடுப்பையும் தாங்க முடியாத அணி, களத்தில் எத்தனை வென்றாலும் மேலடுக்கில் நிலைக்க முடியாது. அரசியலும் குறுக்கிட்டது. 2017 ஜூன் 5இல் சவூதி அரேபியா, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாருடனான உறவைத் துண்டித்தன, விமானங்கள் நின்றன, தோஹா கழகம் அடுத்த பருவத்து மேற்கு ஆசிய லீக்கில் இல்லை. ஒரு தோல்விகூடத் தேவைப்படாமல் ஒரு கழகம் மேலடுக்கை இழந்தது. 2021 ஜனவரியில் சமரசம் ஏற்படும் முன்பே கொரோனா எல்லாக் கழகங்களையும் வீட்டில் அமரவைத்திருந்தது. 2022 ஜனவரியில் அமீரகம் வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. பஹ்ரைனும் கத்தாரும் வெள்ளி, சனியிலேயே நின்றன. எல்லை தாண்டிய அட்டவணை போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் சேர்ந்தது.

தேசிய அணியைப் பொறுத்தவரை ஏறுமுகம் திரும்பியது. கீழ்ப்பிரிவுகளில் பல ஆண்டுகள் உழைத்த அமீரகம் 2024இல் ஹாங்காங், தென்கொரியா, மலேசியாவோடு ஆசியாவின் முதல் பிரிவில் ஆடியது. அதே ஆண்டு கொழும்பில் கத்தார், இந்தியா, கசகஸ்தான் பங்கேற்ற இரண்டாம் அடுக்குப் போட்டியை இலங்கை வென்று, 2025இல் மலேசியாவின் இடத்துக்கு உயர்ந்தது. 2011இல் ஒருவரையொருவர் கீழே தள்ளப் போராடிய அமீரகமும் இலங்கையும் இப்படி மறுபடி மேலடுக்கில் சந்தித்தன. 2025இல் ஹாங்காங் வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அமீரகத்துக்கு இரண்டாமிடம், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றாகவும் இருந்த 2010 போட்டியில் ஆறு நாடுகள் சேர்ந்தும் எட்டாத இடம் அது. அதன் பலனாக ஜூலையில் உகாண்டாவின் கம்பாலாவில் ஆப்பிரிக்காவின் இரண்டாமிட அணியான நமீபியாவோடு மோதி, அமீரகம் தோற்றது. நமீபியா அங்கிருந்து சென்ற இறுதித் தகுதிப் போட்டி நவம்பரில் நடந்தது துபாயில்தான். 2027 உலகக் கோப்பையின் கடைசி இடத்தை அங்கே சமோவா பெற்றது.